ஒரு செட்டுக்கு ஒரு பொட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். இருக்கட்டும். ஸ்பீக்கர் வாங்கப் போன கடைகளில் எனக்கு நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் வரும். நான் முன்னால் போவேன். எனக்குப் பின்னால் செருப்பைத் தேய்த்துக்கொண்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு அவர் வருவார். கடைக்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு நேரே அவரிடம் போய், "பாஸ், வீட்டுல என்ன ஆம்ப் வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். அவர் திருதிருவென்று என்னைப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்த ஆம்ப்ளிஃபையர் எல்லாம் கோயில் திருவிழாவில் பந்தலுக்குப் பின்னால் மழைக்குப் பிளாஸ்டிக் போர்த்தி வைப்பார்களே, அது ஒன்றுதான்.

ஜொகூர் பாருவில் இப்படி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் எனக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் கைப்பிடி வைத்த ஒரு குட்டிப் பெட்டியைக் காட்டி, "சமையல்கட்டுல வச்சிக்கலாம்" என்றார்கள். பதில் பேசாமல் வெளியே வந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

எதற்கு இந்த வயதில் இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் என்று நீங்களும் கேட்கலாம். என் தங்கையும் கேட்டாள். காரணம் என் இடது காது.

சிங்கப்பூரில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில்தான் என் பாதி ஆயுள் போனது. காதடைப்பான் மாட்டிக்கொண்டுதான் நின்றேன். ஆனாலும் அந்த இயந்திரங்கள் எலும்பு வழியாகவே உள்ளே புகுந்துவிடும். போதாக்குறைக்கு, விடியற்காலையில் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குப் பாலத்தைக் கடக்கும் மோட்டார் சைக்கிள் கூட்டம். வேலையை விட்டு நின்றபின் ஒரு நாள் காது மருத்துவரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பிறகு ஒரு படத்தைக் காட்டினார்கள். வலது காதின் கோடு ஒழுங்காகப் போனது. இடது காதின் கோடு பாதி தூரம் போய்ச் சறுக்குமரத்தில் ஏறியதுபோல் கீழே இறங்கியது. மெல்லிய, கூர்மையான ஒலிகள் அந்தக் காதில் குறைந்துகொண்டு வருகின்றனவாம். இப்படியே நிற்கலாம், இன்னும் இறங்கலாம், சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

நான் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தாமான் குடியிருப்புக் கோயில் பஜனையில் ஜால்ரா போடுகிறவள். பாடத் தெரியாது. ஆனால் தாளம் பிசகாது. "ஊருக்கெல்லாம் ஜால்ரா போடுற, எனக்கு ஒரு நாளாச்சும் போட்டியா?" என்று வீட்டுக்காரர் கேலி பேசுவார். கொஞ்ச நாளாகப் பஜனையில் முதல் குரல் பாடும் அம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார். கடைசியில் சொல்லியேவிட்டார்: "ஏங்க்கா, இப்பல்லாம் இவ்ளோ ஓங்கி அடிக்கிறீங்க? பயமா இருக்கு." எனக்குச் சுருக்கென்றது. ஜால்ராவை அடித்து விரித்தால் ஒலி நீண்டு, மெலிந்து, இழையாகி மறையும் இல்லையா, அந்த இழை எனக்குக் கேட்கவில்லை. அதைத் தேடித்தான் ஓங்கி அடித்திருக்கிறேன்.

"ஹியரிங் எய்ட் வாங்கிக்க. ஸ்பீக்கர் எதுக்கு?" என்றாள் தங்கை. அதுவும் வாங்குவேன், யார் வேண்டாம் என்றது? ஆனால் காது இருக்கிறபோதே ஒரு தடவை நல்ல கருவியில், ஒன்றும் விட்டுப்போகாமல், ஆற அமரக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஆம்ப் ஏற்கெனவே நல்லதாக வைத்திருந்தேன். ஸ்பீக்கர்தான் பாக்கி. கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் இரண்டு மைக் வைத்து எங்கள் பஜனையை அழகாகப் பதிவு செய்து கொடுத்திருந்தார். அதில் என் ஜால்ரா இடது பக்கம், கஞ்சிரா வலது பக்கம். அதைத்தான் கடை கடையாகத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைசியாகப் போனது ஒரு பழைய கடைவீட்டின் மாடி. கீழே சைக்கிள் கடை. மேலே கடை முதலாளி, ஒரு சீனத் தவுக்கே, அறுபதைத் தாண்டியவர், அரைக்கால் சட்டையோடு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவரும் வழக்கம்போல, "பாஸ், உட்காருங்க" என்றார். என் வீட்டுக்காரர் இந்த முறை சுதாரித்துக்கொண்டு கட்டைவிரலால் என்னைக் காட்டினார். "பாஸ் இவங்கதான். நான் லோரி டிரைவர் மட்டும்." பொய் இல்லை. மூவாரிலிருந்து நாற்காலி, மேசைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக இறக்குவதுதான் அவர் வேலை.

தவுக்கே என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நடுவில் இருந்த நாற்காலியை எனக்குக் காட்டினார். முதலில் தன்னுடைய பாட்டுகளைப் போட்டார். ஒரு வெள்ளைக்காரப் பெண் ரகசியம் சொல்வதுபோல் பாடினாள். அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. நன்றாகத்தான் இருந்தது, அதற்கு நான் என்ன செய்ய? என் பஜனையைப் போடச் சொன்னேன். ஒரு ஜோடி மாற்றி இன்னொரு ஜோடி. ஒன்றில் ஹார்மோனியம் மூக்கடைத்துக்கொண்டு பாடியது. இன்னொன்றில் எல்லாரும் பாத்ரூமுக்குள் உட்கார்ந்து பஜனை செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது," என்றார். ஒவ்வொரு தடவையும் அதே பதில். நடுவில் எழுந்து போய் ஒரு பெட்டியை விரலால் தட்டிப் பார்த்து, "இந்த வெலைக்கு மூவார்ல கண்ணாடி வச்ச அலமாரியே வாங்கிடலாம்," என்று என் காதில், அதுவும் நல்ல காதில், ஓதிவிட்டு உட்கார்ந்தார்.

அப்புறம் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜோடியைத் தவுக்கே தள்ளிக்கொண்டு வந்தார். பழுப்பு மரம், மெலிந்த உடம்பு. பாட்டு தொடங்கியது. என் ஜால்ரா விழுந்தது. இடது பக்கத்தில் ஒலி எழுந்து, விரிந்து, மெலிந்து, இழையாகி, அந்த இழையும் தேய்ந்து மறைகிற வரைக்கும் கேட்டது. என் இடது காதுக்குக் கேட்டது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தவுக்கே பார்க்காததுபோல் ஆரஞ்சை எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஏர்கான் ஜாஸ்தியா இருக்கா?" என்றார்.

இந்த மாதிரி ஸ்பீக்கரைக் கடையில் கேட்டு மட்டும் வாங்கக் கூடாதாம். வீட்டுச் சுவர், தரை, மேசை எல்லாம் சேர்ந்துதான் ஒலியை ஆக்கும், கெடுக்கும். அதனால் நம்பிக்கையான ஆட்களுக்குத் தவுக்கே சனி, ஞாயிறு வைத்துக் கேட்கக் கொடுத்து அனுப்புவார். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து எனக்குப் பாடம் நடத்தினார். முன்பக்கத்துக் கறுப்புத் துணிச் சட்டத்தைக் கழற்றி, மேலே இருந்த சின்ன உருண்டையைக் காட்டினார். "இது பட்டுத் துணிலா, மேடம். மெல்லிய சத்தம் எல்லாம் இதுலேருந்துதான் வரும். இதைத் தொடாதீங்க. விரலே படக் கூடாது." நான் பயபக்தியோடு தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் அப்போது கீழே லோரியில் போர்வை விரித்துக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் அந்த இரண்டு பெட்டிகளையும் பிரசவித்த பெண்ணை அழைத்து வருவதுபோல் மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார். ஹாலில் இறக்கி வைத்தோம். இடது பக்கத்து ஸ்பீக்கர் சாமி மேடைக்குப் பக்கத்தில், வலது பக்கத்து ஸ்பீக்கர் ஜன்னல் பக்கத்தில். எனக்குப் பஜனைக்கு நேரமாகிவிட்டது. அவரை வீட்டில் விளக்கேற்றச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது காது களைத்துப்போயிருந்தது. களைத்த காதோடு கேட்டால் பழி ஸ்பீக்கர் மேல் விழும் என்று மறுநாளைக்குத் தள்ளி வைத்தேன்.

சனிக்கிழமை காலை அவர் மூவாருக்குக் கிளம்பிப் போனார். நான் குளித்து, கதவைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுப் பல்லிகளுக்கு எங்கே உட்காருவது என்ற விவஸ்தை கிடையாது. அதனால் துணிச் சட்டத்தைக் கழற்றவில்லை. பஜனையைப் போட்டேன்.

ஜால்ராவைக் காணோம்.

அடித்தது கேட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தகரத்தைத் துணியில் சுற்றித் தட்டியதுபோல் 'டப்' என்று நின்றுவிட்டது. இழை இல்லை. ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். சத்தத்தைக் கூட்டினேன். பாடுகிறவர்கள் அலறினார்கள், ஜால்ரா 'டப்' என்றது. வலது பக்கம் எல்லாம் பளிச்சென்று இருந்தது. இடது பக்கம் மட்டும் கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருந்தது.

கடையில் கேட்டதே, அதற்குள்ளாகவா? மருத்துவர் சொன்ன சறுக்குமரத்தில் மொத்தமாகச் சறுக்கி விழுந்துவிட்டேனா? காதுக்குப் பக்கத்தில் விரலைத் தேய்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விரலைத் தூக்கினேன். பயமாக இருந்தது, கீழே போட்டுவிட்டேன். இனி வெள்ளிக்கிழமை எதற்காகக் கோயிலுக்குப் போவது, மூலையில் உட்கார்ந்து சுண்டல் தின்னவா என்று நினைத்ததும் அழுகை வந்தது. வெட்கமில்லாமல் ஹாலில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் எழுந்து சமைத்தேன். சம்பல் தீய்ந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். தீய்ந்த வாசனையை மோந்துகொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"என்னாச்சும்மா?"

"காது போச்சுங்க," என்றேன். "கடையில கேட்டது இப்ப கேக்கல. இந்தப் பக்கம் ஒண்ணுமே வரல."

அவர் சட்டையைக்கூட மாற்றாமல் என் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "போடு, நான் கேக்கறேன்," என்றார். போட்டேன். முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் வைத்து, கோயிலில் அர்ச்சனைக்கு உட்காருகிறவர்போல் ஒரு முழுப் பாட்டையும் கேட்டார். என் வாழ்க்கையிலேயே அவர் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டது அன்றுதான். முடிந்ததும் திரும்பி, மிகவும் வருத்தத்தோடு சொன்னார்: "எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குதும்மா."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "எந்திரிங்க!" என்று கத்தினேன். "நல்ல காது ரெண்டையும் வச்சிக்கிட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல!" அவர் துள்ளி எழுந்தார். அந்த ஸ்பீக்கர்கள் மூஞ்சியிலேயே விழிக்கப் பிடிக்காமல் நாற்காலியைப் புரட்டிப் போட்டு, அவற்றுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. அதை நிறுத்தவும் எனக்குத் தெம்பு இல்லை.

அப்போதுதான் கஞ்சிரா வந்தது. அதன் ஓரத்துச் சில்லுகள் 'சிலுங்' என்று சிலிர்த்து, உதிர்ந்து அடங்கின. ஒன்றுவிடாமல் கேட்டது. எந்தக் காதில்? இடது காதில்! நான் முதுகைக் காட்டி உட்கார்ந்ததால் வலது ஸ்பீக்கர் இப்போது என் இடது பக்கம் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜால்ராவுக்குக் காத்திருந்தேன். அது வலது பக்கம் வந்தது. என் நல்ல காதில், மருத்துவரே மெச்சிய காதில், 'டப்' என்றது.

"ஐயோ, கெட்டுப்போச்சு!" என்று கத்திக்கொண்டே குதித்து எழுந்தேன். "கெட்டுப்போச்சுங்க! ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு!"

கடைக்காரர் நம்பிக் கொடுத்த பொருள் கெட்டுப்போனதற்கு ஒரு மனுஷி இப்படிச் சிரிப்பாளா என்று அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நான் ஓடிப்போய்ச் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரின் துணிச் சட்டத்தைப் பிடுங்கினேன்.

அலமாக்! தவுக்கே விரலே படக் கூடாது என்ற அந்தப் பட்டு உருண்டையின் நட்ட நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். காய்ந்து வெடித்து, சும்மா ஜம்மென்று இருந்தது.

இந்த மனிதரைப் பற்றி நான் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுக்குள் வருகிற எதுவும் இவர் கையால் பொட்டு வாங்காமல் தப்பியதில்லை. லோரிக்கு வைப்பார், சரி. துணி துவைக்கிற இயந்திரம், அரிசிக் குக்கர், அடுப்புக்கு வருகிற கேஸ் தோம்பு, இன்டர்நெட் பெட்டி எல்லாவற்றுக்கும் நெற்றி கண்டுபிடித்து வைத்துவிடுவார். இது தெரிந்தும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரையும் அந்த ஸ்பீக்கர்களையும் தனியாக விட்டுவிட்டுப் போனேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

"இங்க எதுக்குங்க வச்சீங்க?"

"சரியா மேல, நடுவுல, குட்டியா உருண்டையா இருந்துச்சு. நெத்தின்னு நெனச்சேன்." குரல் இறங்கிவிட்டது. "கெட்டுப்போச்சா?"

"சட்டம் மூடித்தானே இருந்துச்சு?"

"அந்தத் துணியில வச்சா கறையாயிடும்லா. அடுத்தவங்க பொருளாச்சே, நான் யோசிக்க மாட்டேனா? அதான் கழட்டிட்டு உள்ள வச்சேன்."

"அப்ப அந்தப் பக்கத்துக்கு ஏன் வைக்கல?"

என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஒரு செட்டுக்கு ஒரு பொட்டும்மா. கார்ல ரெண்டு லைட்டுக்கும் தனித்தனியாவா வைக்கிறோம்?"

தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். சிரிப்பு அடங்கவில்லை. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அதைத் தொடவும் பயந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் வாங்கவே இல்லையே, அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு?" என்றேன்.

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்ததுலேருந்து நீ சரியாத் தூங்கறதில்ல," என்றார் பெட்டியைப் பார்த்துக்கொண்டே. "காதுக்குப் பொட்டு வைக்க முடியுமா? எங்கன்னு வைக்கிறது? அதான் இதுக்கு வச்சேன்."

மருத்துவர் கொடுத்த படத்தை இவரிடம் காட்டியபோது, "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியில் பந்து விளையாட்டைப் பார்க்கப் போனவர் இவர். அதை நான் மனதில் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன். ராத்திரி நான் புரள்வதை இவர் விழித்துக் கிடந்து பார்த்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை இரண்டு பேரும் கோயிலுக்குப் போகிற மாதிரி ஒழுங்காக உடுத்திக்கொண்டு மாடி ஏறினோம். எதிர்பாராமல் அவரே முன்னால் போனார். "தவுக்கே, தப்பு என்னுது. இவங்க மேல தப்பு இல்ல," என்று சட்டத்தைக் கழற்றிக் காட்டினார். தவுக்கே கண்ணாடியை மாட்டி, குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கடைக்குள் உயரத்தில் இருந்த தன் சிவப்புச் சாமி மாடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"சாமி கும்பிட்டாச்சு," என்றார். "இனி நான் இதை வேற ஆளுக்கு எப்படிலா விக்கிறது?"

"வேற யாருக்கும் விக்க வேணாம்," என்றேன். "எனக்குத்தான்."

அந்த உருண்டையைச் சுத்தம் செய்ய முடியாதாம், மாற்றத்தான் வேண்டுமாம். எங்கள் செலவில் மாற்றச் சொல்லிவிட்டு வந்தோம். புது உருண்டை வந்து சேரும்வரை காத்திருந்து, லோரியில் போர்வை விரித்து, அதே பிரசவ வண்டி வேகத்தில் மறுபடியும் கொண்டு வந்தோம். பழைய உருண்டையைத் தவுக்கே ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டுக்காரர் கையில் கொடுத்திருந்தார். பொட்டோடு இருந்ததைக் குப்பையில் போட அவருக்குத் துணிச்சல் இல்லை என்று நினைக்கிறேன்.

வீட்டில் ஸ்பீக்கர்களை வைத்ததும் பாட்டைப் போட்டேன். ஜால்ரா எழுந்தது, விரிந்தது, இழையாகி மறைந்தது. இடது காது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரைக்கும் போனது. இன்னும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. அன்றைக்குக் கேட்டது.

திரும்பிப் பார்த்தால், சாமி மேடைக்குப் பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு அவர் நிற்கிறார். இந்த முறை கிட்டே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்கிற பிள்ளை மாதிரி நின்றுகொண்டு, "பின்பக்கம், மரத்துல வைக்கட்டா?" என்றார்.

"வைங்க. ரெண்டுக்கும் வைங்க."

குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒயருக்கு ஒரு சாண் தள்ளி ஒவ்வொன்றுக்கும் வைத்தார். நிமிர்ந்தபோது அவர் விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலைமுடியை ஒதுக்கி இடது பக்கத்தைக் காட்டினேன்.

"இங்கயும் ஒண்ணு," என்றேன்.

அவர் விளையாட்டா நிஜமா என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு விரலே படக் கூடாத பொருளைத் தொடுகிறவர்போல, என் காது மடலில் மெல்ல வைத்தார். சந்தனம் ஜில்லென்று இருந்தது. ஜால்ரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப எப்படிம்மா கேக்குது?" என்றார்.

"ஒரே மாதிரிதாங்க கேக்குது," என்றேன்.